கொப்பியில் நல்ல சீனி

"என்ன, இப்பிடி மெலிஞ்சுபோனீங்கள்?" என்று யாராவது கேட்டால், "சீனி கூடி ஆஸ்பத்திரியிலை கிடந்தனான்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது பொய்யில்லை. ஆனால் அரைவாசிதான். மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினால் கேட்கிறவரின் முகம் மாறும். உடனே "யோசிக்காதேங்கோ" என்ற அந்தக் கோதாரி பிடித்த சொல் வந்து விழும். இந்த ஒரு வருடத்தில் அதைச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. யோசிக்காமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போகிறேன்? அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல ஏலாது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. வன்னியில் உடையார்கட்டுப் பக்கம் ஒரு சின்ன மில் வைத்திருக்கிறேன். நெல்லுக் குத்த ஒரு மிசின், மா அரைக்க ஒரு மிசின், மேலே தகரக் கூரை. இவர், என்னுடைய மனுசன், வயல் செய்கிறார். ஒரே மகள் கௌசி வவுனியாவில் படிக்கிறாள். எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து ஒன்பது வருடமாகிறது.

எங்கள் பக்கத்துச் சீனி வருத்தக்காரரின் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரியும். மில்லுக்குத்தானே வரவேண்டும். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை கிளினிக். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பார்க்கவேண்டுமே, மில் வாசலில், சீனிக்கு நல்லதென்கிற அந்தக் குரக்கன் தானியப் பைகளோடு வரிசை நிற்கும். மற்ற மூன்று கிழமையும் ஒருத்தருக்கும் குரக்கன் ஞாபகம் வராது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் குரக்கன் பிட்டும் பாவற்காயும்தான். வெறும் தேத்தண்ணி. திங்கள் இரவு அதுவும் இல்லை. செவ்வாய் விடிய வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்போம். வருகிற இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில், ஆளுக்கொன்றாகத் தந்திருக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில், எழுதுவார்கள். எழுதி முடிந்ததுதான் தாமதம், கேற்றுக்கு வெளியே உள்ள தேத்தண்ணிக் கடையில் வடையும் சீனி போட்ட பால்தேத்தண்ணியும்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். இலக்கம் கூடியிருந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்க ஏச்சு விழும். "என்னம்மா, வாயைக் கட்ட ஏலாதோ?" மருந்துக் குளிசை கூடும். "இனி ஊசிதான்" என்று வெருட்டுவார்கள். ஆகவே உடம்புக்காக இல்லை, கொப்பிக்காகப் பத்தியம் இருந்தோம். அதிலே நான் கெட்டிக்காரி. மூன்று வருடமாக என் கொப்பியில் நூற்றி இருபதைத் தாண்டியதில்லை. ஒருநாள் தாதி அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இந்த அம்மாவைப் பாத்துப் பழகுங்கோ" என்று வரிசைக்கே சொன்னா. நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிரச்சினை காலபோக நெல்லு வெட்டி முடிந்த பிறகு தொடங்கியது. மில்லுக்கு நல்ல வேலை வருகிற காலம் அது. விடிய ஐந்து மணிக்குச் சனம் வந்து நிற்கும். என்னால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. நனைந்த சாக்கைத் தூக்குவதுபோல என் கையையும் காலையும் நானே தூக்கவேண்டியிருந்தது. முதலில் வேலைக் களைப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு அழுகை வரத் தொடங்கியது. வெங்காயம் வெட்டும்போது, பல்லு விளக்கும்போது, வானொலியில் சந்தை விலை சொல்லும்போது. இதற்கெல்லாம் யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

மகள் தொலைபேசி எடுத்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பெற்ற பிள்ளை. அவள் குரலைக் கேட்க எனக்கு உயிர். ஆனாலும் கையை நீட்டி எடுக்க மனம் வராது. இரவில் தாகம், சலம் போக நாலு தரம் எழும்புவது, பிறகு நித்திரை வராது. பகல் முழுக்கத் தூங்கி வழிவது. சில நாள் ஒன்றும் சாப்பிடமாட்டேன். சில நாள் ஒரு பெட்டி பிஸ்கற்றை இனிப்புத் தேத்தண்ணியில் தோய்த்து முழுக்க முடிப்பேன். அரை மணித்தியாலம் ஒரு வெளிச்சம் வந்ததுபோல இருக்கும். பிறகு முந்தினதை விட மோசம்.

ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் இருந்தது. மச்சாள் கண்ணூறு என்று திருநீறு கொண்டுவந்து பூசினா. இன்னொருவர் மாதவிடாய் நிற்கிற காலம் என்றார். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கொப்பியும் பேனையுமாக ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து, "சண்டையிலை ஆரை இழந்தனீங்கள் அம்மா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தம்பியை இழந்தேன். வீடு, மில், எல்லாம் இழந்தேன். திரும்பி வந்து தகரக் கொட்டிலில் மிசினைப் பூட்டி ஓட்டினேன். அந்தக் கவலைக்கு ஒரு முகம் இருந்தது, அதற்காக அழத் தெரிந்தது. இதற்கு முகமும் இல்லை, காரணமும் இல்லை. வன்னியில் ஒருத்தி சோர்ந்துபோனால் உடனே சண்டையைத்தான் இழுக்கவேண்டுமா? எங்களுக்கு வேறு வருத்தமே வரக்கூடாதா?

கடைசியில் நானே கிளினிக்கில் வாய் திறந்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த வருத்தம் வந்தவருக்குத்தான் தெரியும்.

"டொக்ரர், எனக்கு மனம் சரியில்லை. ஒண்டுக்கும் எழும்பேலாமல் கிடக்கு. சும்மா அழுகை வருது."

அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "சீனி நூற்றிப் பதினாலு. நல்லா வைச்சிருக்கிறியள். இது சீனியாலை இல்லை. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, டொக்ரர்."

"அப்ப ஏன் அம்மா? யோசிக்காதேங்கோ. அடுத்த ஆளை வரச்சொல்லுங்கோ."

எனக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று நாள் குரக்கன் தின்று வாங்கின நூற்றிப் பதினாலு அது. என் கையாலேயே கதவைப் பூட்டிவிட்டு, ஒருத்தரும் திறக்கிறார்களில்லை என்று கத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அது விளங்கவில்லை. சீனியும் இல்லை, வீட்டுப் பிரச்சினையும் இல்லையென்றால் எனக்கு விசர்தான், பைத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் குளிசையை நிறுத்தினேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. சாகவேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்ததில்லை. எதற்கு, யாருக்கு என்று ஒரு நாள் தோன்றியது, அவ்வளவுதான். எனக்குக் குளிசை எடுத்துத் தருவது இவர்தான். பெரிதாகப் படிக்காத மனுசன். மருந்து போட்டுத் தரும் கடதாசி உறைகளில் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் பேனையால் கீறி வைத்திருப்பார். மாறிப்போகக்கூடாதென்று இரண்டு தரம் பார்த்து, உள்ளங்கையில் வைத்து, தண்ணியோடு நீட்டுவார். நான் வாயில் போட்டு நாக்குக்குக் கீழே ஒதுக்கி வைத்துக்கொள்வேன். அவர் திரும்பினதும் துப்பி, விடிய மில்லின் உமிக் குவியலுக்குள் எறிந்துவிடுவேன். ஐந்து கிழமை. ஒரு நாளும் அவர் வாயைத் திறந்து காட்டு என்று கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சத்தி தொடங்கியது, வாய்க்குள் போனதெல்லாம் திரும்பி வந்தது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். பெரிய போத்தல் இனிப்புச் சோடா முழுவதையும் நானே குடித்திருக்கிறேன், அதுவும் இரண்டு நாளும் நாளுக்கொன்று. மத்தியானம் இவர் வயலால் வந்து கூப்பிட, நான் ஏதோ சம்பந்தமில்லாமல் கதைத்தேனாம். பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டு ஓடினார்கள். முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்க்க, மிசினில் இலக்கமே வரவில்லை. அளவைத் தாண்டினால் அது இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் காட்டுமாம். மூன்று வருடமாக நூற்றி இருபதைத் தாண்டாத கெட்டிக்காரிக்கு மிசினிலே இலக்கம் இல்லை! அங்கிருந்து அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

முதல் இரண்டு நாள் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். இரண்டு கையிலும் சேலைன். சீனி அளவுக்கு மிஞ்சினால் அதைக் கழுவிவிட உடம்பு தன்னிடமுள்ள தண்ணியை எல்லாம் சலமாக வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளித் தள்ளி நான் வற்றிப்போயிருந்தேன். வற்றினால் மூளையும் மயங்கும். ஆகவே முதலில் தண்ணி, அதோடு சொட்டுச் சொட்டாக இன்சுலின். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விரலில் குத்தினார்கள். பத்து விரலும் முடிந்து திரும்பவும் முதல் விரலுக்கு வந்தார்கள். தொட்டால் நோகாத ஒரு விரல் இல்லை.

கண் தெளிந்தபோது தலைமாட்டில் கௌசி நின்றாள். பரீட்சைக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். ஒரு சொல்லு ஏசவில்லை. சடை பிடித்துக் கிடந்த என் தலைமயிருக்கு எண்ணெய் வைத்து, ஒரு மணித்தியாலமாகச் சிக்கெடுத்தாள். "நோகுதோ அம்மா?" என்று கேட்டுக் கேட்டு இழுத்தாள். நான் எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பெண்கள் வார்ட்டில் இரவில் ஆம்பிளைகள் நிற்க விடமாட்டார்கள். இவர் வெளியே சனம் குந்துகிற சீமெந்து வாங்கில் படுத்துக்கொண்டார். விடிய முகம் கழுவி, அதே சேர்ட்டோடு வந்து நிற்பார். மூன்றாம் நாள் சின்ன டொக்ரர் பிள்ளை, இருபத்தெட்டு வயது இருக்கும், இவரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"ஆர் இவவுக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறது?"

"நான்தான் டொக்ரர்."

"ஒழுங்காக் குடுத்தனீங்களோ? குளிசை போட்ட ஆளுக்கு இப்பிடி ஏறாது, ஐயா."

அவர் சேர்ட் பையிலிருந்து அந்த உறைகளை எடுத்தார். சூரியனும் பிறையும் வியர்வையில் மங்கிப்போயிருந்தன. "பாத்துப் பாத்துத்தான் குடுத்தனான். கண்ணும் இப்ப வடிவாத் தெரியிறேல்லை. மாறிக் கீறிக் குடுத்திட்டனோ தெரியாது. என்ர பிழையாத்தான் இருக்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோலக் கிடந்தேன். எவ்வளவு கேவலம் என்று தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. சொன்னால் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்பார்கள். அது எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு பார்க்க வந்த எல்லாருக்கும் இவர் தானே முந்திக்கொண்டு சொன்னார், "என்ர பிழை, குளிசையை மாறிக் குடுத்திட்டன்" என்று. மச்சாள் வந்து அவரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து ஏசினா. நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அதே நாள் இன்னுமொரு இரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கு அங்கே அந்தச் சோதனை செய்ய மருந்து இல்லையென்று, சின்னக் குழாயை இவர் கையில் கொடுத்து வெளியே ரவுணிலுள்ள ஆய்வுகூடத்தில் செய்விக்கச் சொன்னார்கள். உடையாமல் கையில் பொத்திக்கொண்டு நடந்தே போனாராம். எச்.பி.ஏ.வன்.சி என்பார்கள் அதை. விளக்கம் சுகம்தான். சீனி இரத்தத்தின் சிவப்பணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு அணு மூன்று மாதமளவில் உயிரோடு இருக்கும். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதத்துச் சீனி தெரிந்துவிடும். மூன்று நாள் குரக்கன் தின்று அதை ஏமாற்ற ஏலாது. ஏழுக்குள் இருந்தால் நல்லம். எனக்குப் பன்னிரண்டு தசம் எட்டு.

டொக்ரர் பிள்ளை ஒரு கையில் அந்தத் துண்டையும் மறு கையில் என் கிளினிக் கொப்பியையும் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இது உங்கட கொப்பிதானோ? வேற ஆற்றையும் மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டியளோ?"

"என்ரைதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போர்வையைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் பூநகரி ராசமணி அக்கா கிடந்தா, காலில் புண்ணோடு. டொக்ரர் அங்காலே போனதும் மெல்லமாக என் பக்கம் திரும்பினா.

"தங்கச்சி, நீங்களும் கிளினிக்குக்கு முதல் பட்டினியோ?"

"குரக்கன்."

"நாங்கள் சிறுகுறிஞ்சாச் சாறு. மூண்டு நாள். என்ர கொப்பியும் தங்கம்." சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட காலைக் காட்டினா. "இதுக்குத்தான் கொப்பி தெரியேல்லை."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. சிரித்து முடிய எரிச்சல் வந்தது. யாரைப் பேய்க்காட்டி ஏமாற்ற நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம்?

ஆறாம் நாள் விடியப் பெரிய டொக்ரர் வந்து பார்த்து, சீனி இறங்கிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். இனி இரண்டு நேரமும் இன்சுலின் ஊசி. இவரைக் கூப்பிட்டு ஊசி போடப் பழக்கினார்கள். எனக்குக் கை நடுங்குகிறது, அதனால் அவர்தான் போடவேண்டும். வெறும் தண்ணியை ஊசியில் இழுத்து ஒரு தோடம்பழத்தில் குத்தச் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்த கைக்குள் அந்தச் சின்ன ஊசி அடங்கவில்லை. இரண்டு தரம் காற்றை இழுத்தார். நின்ற தாதிக்குப் பொறுமை போய்விட்டது.

"குளிசையையே மாறிக் குடுத்த ஆள் நீங்கள். இதை எப்பிடி ஐயா குடுக்கப்போறியள்? கூடப் போட்டா ஆள் முடிஞ்சுது, தெரியுமோ?"

"ஓம், மிஸ்ஸி. திரும்பவும் செய்து பாக்கிறன், மிஸ்ஸி."

அந்த "ஓம், மிஸ்ஸி" எனக்குத் தாங்கவில்லை.

"அவர் ஒண்டும் மாறிக் குடுக்கேல்லை!" என்று கத்தினேன். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அவர் ஒழுங்காத்தான் தந்தவர். நான்தான் துப்பினனான். ஐஞ்சு கிழமையா உமிக்குள்ளை எறிஞ்சனான். கொப்பியும் பொய். எல்லாம் பொய். எனக்கு இருக்க மனமில்லை, அதை ஒருத்தரும் கேக்கேல்லை, எல்லாரும் சீனியையே கேக்கிறியள்!"

இவர் ஊசியைத் தட்டத்தில் மெதுவாக வைத்தார். தோடம்பழத்தையும் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே போனார். அன்றைக்கு மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. வாங்கிலும் ஆள் இல்லை என்று கௌசி வந்து சொன்னாள். முப்பது வருடத்தில் அவர் என்னோடு கோபித்துக்கொண்டு போனதே இல்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் கத்தலால் ஒன்று நடந்தது. வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தி, மனநல டொக்ரரைக் கூப்பிட்டார்கள். அவ திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதிரையைப் போட்டு எனக்கு முன்னால் இருந்தா. கொப்பியைக் கேட்கவில்லை. நித்திரை, பசி, ஆசை, அழுகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. கடைசியில் நேரடியாகவே கேட்டா.

"செத்துப்போகலாம் எண்டு யோசிச்சனீங்களோ அம்மா?"

"சாகவேணும் எண்டில்லை, டொக்ரர். இருக்கவேணும் எண்டும் இல்லை."

அவ தலையை ஆட்டினா. யோசிக்காதேங்கோ என்று சொல்லவில்லை. அதற்கே அவவைக் கும்பிடலாம் போல இருந்தது.

அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். இந்த வருத்தத்துக்குப் பெயர் மனச்சோர்வு. அது சோம்பலும் இல்லை, கண்ணூறும் இல்லை. சீனி வருத்தக்காரருக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலாக வரும். சீனி நெடுகக் கூடியும் குறைந்தும் ஆடினால் உடம்பு களைக்கும், நித்திரை குழம்பும், மனம் விழும். நெடுகப் பத்தியமும் குளிசையும் ஏச்சும் என்று இருப்பதே ஒரு பாரம். மனம் விழுந்த ஆள் நடக்கமாட்டார், நேரத்துக்குச் சாப்பிடமாட்டார், மருந்தை விடுவார். சீனி இன்னும் ஏறும். ஏறினால் மனம் இன்னும் விழும். ஒன்றை மற்றது இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் போகும்.

"எது முதல் வந்தது எனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது அம்மா. உங்களுக்கு இப்ப ரெண்டும் இருக்கு. ரெண்டுக்கும் ஒண்டாத்தான் மருந்து செய்யவேணும். ஒண்டை விட்டா மற்றது மாறாது."

"அப்ப ஏன் டொக்ரர் கிளினிக்கிலை இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை? ஒன்பது வருசமாப் போறன். கண்ணைப் பாத்தவை, காலைப் பாத்தவை, சலத்தைப் பாத்தவை. மனம் எப்பிடி எண்டு கேக்க எவ்வளவு நேரம் போகும்?"

"கேக்கத்தான் வேணும்," என்றா. மனச்சோர்வுக்கும் ஒரு குளிசை எழுதினா. வேலை செய்ய நாலைந்து கிழமை செல்லுமாம். அதுவரைக்கும்? அதுவரைக்கும் பொறுக்கவேண்டுமாம். இருக்கிற குளிசைகளோடு இன்னுமொன்று. பொறுமைக்கும் ஒரு குளிசை இருந்தால் தந்திருக்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் இவர் வந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்து, சேர்ட் மாற்றி, தானே சமைத்துக் கொண்டுவந்திருந்தார். சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், முருங்கையிலை வறை நிறைய. மூடியைத் திறந்து வைத்தார். நான் சாப்பிட, முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இரவிலை நான் நித்திரை கொள்ளுறேல்லை. நாலு மாசமா. நீ மூச்சு விடுறியோ எண்டு எழும்பி எழும்பி மூக்குக்குக் கிட்டக் கை வைச்சுப் பாக்கிறனான்."

எடுத்த கவளத்தைத் திரும்பக் கீழே வைத்தேன். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? உன்ர கொப்பியிலை எல்லாம் நல்லாத்தானே கிடந்தது. எனக்குத்தான் விசர் எண்டு நினைச்சன்."

ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனக்குத்தான் விசர் என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யாரில் ஆத்திரம் என்று கேட்டால், முதலில் என்னில். பிறகு அந்தக் கொப்பியில். எச்சில் கையோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவர் எழும்பவில்லை. காவலாளி வந்து சொல்லத்தான் எழும்பினார்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம். சுகமாகிவிட்டேன் என்று எழுதினால் அதுவும் கொப்பியில் எழுதின இலக்கம் மாதிரித்தான். மில்லைக் கிழமைக்கு நாலு நாள் திறக்கிறேன். மற்ற நாள் முடியவில்லை. மகளின் அழைப்பை எடுக்கிறேன், சில வேளை மூன்றாவது தரம். ஊசி இவர்தான் போடுகிறார். இப்போது காற்றை இழுப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமையும் குரக்கன் வரிசை வந்தது. "உடம்புக்கு அரைக்கிறியளோ, கொப்பிக்கு அரைக்கிறியளோ?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி மூஞ்சையை நீட்டிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்த முறை மூன்று நாளும் வழமையாகச் சாப்பிடுகிறதையே சாப்பிட்டுவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனேன். திங்கள் இரவு இடியப்பம், விடிய வெறும் வயிறு. நூற்றித் தொண்ணூற்றெட்டு. கொப்பியைத் தூக்கிக் காட்டின அதே தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தா. "என்னம்மா, நீங்களுமோ?" என்றா, வரிசைக்கே கேட்க. "ஓம், நானும்தான். இதுதான் என்ர உண்மையான சீனி, எழுதுங்கோ" என்றேன். முகம் எரிந்தது. ஆனாலும் நின்றேன்.

வீட்டுக்கு வர இவர் மில் வாசல் வாங்கில் இருந்து, மிசின் வாரைக் கழற்றி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார், "எவ்வளவு?"

"நூற்றித் தொண்ணூற்றெட்டு."

"ம். மற்றது?"

இதை அவர் இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறார். ஊசி போட்டுவிட்டு, சீனி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, மனத்தையும் ஒரு இலக்கம் போலக் கேட்பார். சில நாள் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்கு வரவில்லை.

"இண்டைக்குப் பரவாயில்லை," என்றேன். பிறகு சொன்னேன், "நேற்றுப் பரவாயில்லை எண்டது பொய்."

"தெரியும்," என்றார். கையிலிருந்த வாரை வைத்துவிட்டு, எனக்கு இருக்க இடம் விட்டு வாங்கில் தள்ளி இருந்தார்.